38,500 ரூபாய் கொடுத்தும் மறுபடி கைக்கு வந்தது பர்ன் செய்த நகல் சிடிதான்: ஜப்பானிய கேம், அனிமே சேகரிப்போர் கவனத்துக்கு

பழைய ஜப்பானிய வீடியோ கேம்களையும், அனிமே எனப்படும் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களின் டிஸ்க்குகளையும் சேகரிப்பவர்கள் தங்களுக்குள் வாங்கவும் விற்கவும் என்றே நடத்தப்படும் ஓர் இணையச் சந்தையில் 38,500 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். பணம் போன பிறகு அடுத்த சம்பளம்கூட இன்னும் வரவில்லை. புகார் நிலுவையில் இருப்பதால் அந்தத் தளத்தின் பெயரையும் விற்றவரின் பெயரையும் எழுதவில்லை. ஆனால் அவர்கள் நம்ப வைத்த விதத்தையும், பணம் கைமாறியதும் கைகழுவிய விதத்தையும் கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர்ப் பக்கம் இதே ஆர்வத்தோடு இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் கிருஷ்ணகிரியில் வசிக்கிறேன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரில் இந்தப் பொருள்களைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்க ஒரு கடையும் கிடையாது. பெங்களூரு பக்கம்தான் என்றாலும், அங்கேயும் ஜப்பானிய அசல் பிரதிகள் எளிதில் கண்ணில் படுவதில்லை. சிறு வயதில் எங்கள் மாமா பெங்களூரு மெஜஸ்டிக் பக்கமிருந்து வாங்கி வரும், மேலே மார்க்கரில் பெயர் எழுதிய பர்ன் செய்த சிடிக்களை வைத்துத்தான் நானும் தம்பியும் பிளேஸ்டேஷன் விளையாடினோம். அவற்றுக்கு அட்டைப்படமும் இல்லை, கையேடும் இல்லை. சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு, அந்த கேம்களை உருவாக்கியவர்கள் எந்த வடிவத்தில் வெளியிட்டார்களோ அதே வடிவத்தில், பெட்டி, கையேடு, ஜப்பானியப் பிரதிகளின் முதுகைச் சுற்றி வரும் மெல்லிய காகிதப் பட்டை ஆகிய எல்லாவற்றோடும் அவற்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டேன். டிஜிட்டலில் வாங்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நிண்டெண்டோ நிறுவனத்தின் 3டிஎஸ், வீ யூ ஆகிய இரண்டு கன்சோல்களுக்கான (கேம் விளையாடும் கருவிகளுக்கான) இணையக் கடையும் 2023 மார்ச் மாதத்தில் விற்பனையை நிறுத்திவிட்டது. அங்கே மட்டும் விற்கப்பட்ட கேம்களை இனி நேர்வழியில் வாங்க வழியில்லை. கையில் இருக்கும் கார்ட்ரிட்ஜுக்கு, அதாவது கேம் பதிந்து கன்சோலில் செருகும் சிறு பெட்டிக்கு, அந்தக் கவலை கிடையாது.

நான் பணம் கட்டியது மூன்று பொருள்களுக்கு. 1995-இல் ஒளிபரப்பைத் தொடங்கிய எவாஞ்சலியன் அனிமே தொடரின் 26 பகுதிகளும் அடங்கிய, 2015-இல் ஜப்பானில் வெளிவந்த ப்ளூரே பெட்டிக்கு 17,000 ரூபாய். 1997 ஜனவரியில் மூன்று டிஸ்க்குகளாக வெளிவந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 உள்பட, முதல் பிளேஸ்டேஷனின் ஜப்பானிய கேம்கள் கொண்ட ஒரு கட்டுக்கு 12,500 ரூபாய். கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கன்சோலுக்கு 2004-இல் வந்த போகிமான் எமரால்டு கார்ட்ரிட்ஜுக்கு, அட்டைப்பெட்டியோடும் கையேட்டோடும் சேர்த்து 9,000 ரூபாய். ஆக 38,500 ரூபாய். இதில் அந்த ஒன்பதாயிரம் என்னுடையதுகூட இல்லை. பாலக்கோட்டைச் சேர்ந்த ஒரு தம்பி, படிப்புக்கு நடுவில் மாங்கூழ் தொழிற்சாலையில் சீசன் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம் அது. "உங்களுக்குத்தான்க்கா இதெல்லாம் பார்த்து வாங்கத் தெரியும்" என்று சொல்லி என்னிடம் கொடுத்து வைத்திருந்தான்.

விற்பவரின் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்ற பச்சை முத்திரை இருந்தது. அதன் கீழே, வாங்குபவர் கட்டும் பணம் தளத்தின் பொறுப்பிலேயே இருக்கும் என்றும், பொருள் வந்து சேர்ந்து வாங்கியவர் திருப்தி தெரிவித்த பிறகே விற்பவருக்குப் போகும் என்றும் எழுதியிருந்தார்கள். அதை மட்டும் வைத்து நான் பணம் கட்டிவிடவில்லை. வீடியோ அழைப்பில் ஒவ்வொரு பொருளையும் காட்டச் சொன்னேன். அவரும் பொறுமையாகக் காட்டினார். டிஸ்க்குகளைத் திருப்பி டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்தார். நடு வளையத்தில் அச்சான குறியீட்டை நான் வாசிக்கும் வரை கையை அசைக்காமல் வைத்திருந்தார். கார்ட்ரிட்ஜின் தங்க நிறப் பற்களை கேமராவுக்கு அருகே கொண்டுவந்து காட்டினார். நான் பார்த்தவை அத்தனையும் அசல். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

அதற்குப் பிறகு அவர் பேசிய பேச்சுதான் என்னை முழுதாக நம்ப வைத்தது. "அக்கா, நானும் உங்கள மாதிரி சேர்க்கிறவன்தான். கல்யாணம் முடிவாயிருக்கு, வீட்ல இதுக்கெல்லாம் இடமில்லங்கிறாங்க. மனசே இல்லாமதான் கொடுக்கிறேன். பத்திரமா வெச்சுக்கிற ஆள் கைக்குப் போகணும்னுதான் இத்தன நாளா யாருக்கும் கொடுக்கல" என்றார். எமரால்டு பெட்டியைக் காட்டும்போது, மேல் மூலையில் இருக்கும் ஒரு மடிப்பைத் தானாகவே சுட்டிக்காட்டி, "இத சொல்லாம வித்தா நல்லாருக்காதுக்கா" என்று சொன்னார். குறையைத் தானே முன்வந்து சொல்கிறவர் ஏமாற்ற மாட்டார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அன்றிரவே 38,500 ரூபாயையும் தளம் காட்டிய கணக்குக்கு யுபிஐ மூலம் அனுப்பினேன்.

பெட்டியைக் கூரியர்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. அலுவலகத்துக்கு வந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கைபேசிக்கு வந்திருக்கும் ஓடிபியைச் சொன்னால்தான் பெட்டியைத் தருவோம் என்றார்கள், சொன்னேன். பொருளை வாங்கிக்கொள்ளும் யாரும் அதைத்தான் செய்வார்கள். அந்த எண்ணைச் சொன்ன நொடியே, பொருளைச் சோதித்துத் திருப்தியோடு ஏற்றுக்கொண்டதாகத் தளத்தில் பதிவாகி, என் பணம் விற்றவருக்குப் போய்விட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. பெட்டியின் ஒட்டுநாடாவைக்கூட நான் அப்போது பிரித்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, பிரிப்பதை முழுதாக வீடியோ எடுத்துக்கொண்டே திறந்தேன். உள்ளே இருந்தது வீடியோ அழைப்பில் பார்த்த பொருள்களே அல்ல.

முதல் பிளேஸ்டேஷனின் அசல் டிஸ்க்குகளின் அடிப்பக்கம் கருப்பாக இருக்கும் என்பது சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். வந்தவற்றின் அடிப்பக்கமும் கருப்புதான், ஏனென்றால் கருப்பு அடிப்பக்கம் கொண்ட வெற்று சிடிக்களும் உண்டு. ஆனால் அசல் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியில், தடத்தின் நெளிவிலேயே ஒரு மண்டலக் குறியீடு பதிந்திருக்கும். ஜப்பானுக்கு எஸ்சிஇஐ, அமெரிக்காவுக்கு எஸ்சிஇஏ, ஐரோப்பாவுக்கு எஸ்சிஇஇ. சாதாரண சிடி ரைட்டரால் அந்த நெளிவை எழுத முடியாது. அதைப் படிக்க முடியாவிட்டால், உள்ளே எந்த மாற்றமும் செய்யாத கன்சோல் கேமைத் தொடங்காது. என்னுடையது எந்த மாற்றமும் செய்யாத ஜப்பானியக் கன்சோல். அது 100 வோல்ட்டில் இயங்குவதால் அதற்கென்று மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கிறேன். என்னிடம் ஏற்கெனவே இருக்கும் அசல் டிஸ்க்குகள் எல்லாம் அதில் ஓடுகின்றன. வந்த கட்டில் ஒன்றுகூட ஓடவில்லை. நடு வளையத்தைப் பார்த்தால், வீடியோவில் நான் வாசித்த குறியீடு எதிலும் இல்லை. வெற்று சிடி தயாரித்தவரின் வரிசை எண் மட்டும் இருந்தது.

ப்ளூரே பெட்டி என்று வந்ததில் இருந்தவை, ப்ளூரேயைவிடத் தரம் குறைந்த டிவிடிக்கள். மண்டலக் குறியீடு உள்ள ப்ளூரே டிஸ்க் அதே மண்டலத்து ப்ளேயரில்தான் ஓடும்; ஜப்பானின் ப்ளூரே மண்டலம் ஏ, இந்தியாவின் மண்டலம் சி. அதனால்தான் என்னைப் போன்றவர்கள் ஏ மண்டலத்து ப்ளேயரைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறோம். இந்தப் பெட்டியின் முதுகிலோ எல்லா மண்டலங்களுக்கும் பொருந்தும் என்று அச்சிட்டிருந்தது. டிஸ்க்கைப் போட்டதும் சீன வசனவரிகள் தாமாகவே ஓடின. ஒரே டிஸ்க்கில் ஏராளமான பகுதிகளை நெருக்கித் திணித்திருந்ததால், படம் வேகமாக அசையும் இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஜப்பானில் அனிமேவை டிஸ்க்கில் வெளியிடும்போது பெரும்பாலும் ஒரு டிஸ்க்குக்குச் சில பகுதிகளை மட்டும் வைப்பதற்குக் காரணமே படத்தின் தரத்தைக் காப்பதுதான்.

எமரால்டு கார்ட்ரிட்ஜைப் பற்றி எழுதவே மனம் கசக்கிறது. அசலில் பற்களுக்கு மேலே, உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையின் ஓரத்தில் நிண்டெண்டோவின் பெயர் தெரியும். முன்பக்க ஒட்டுத்தாளில் அழுத்திப் பதித்த எண் ஒன்று, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். உள்ளே நேரம் காட்டும் கடிகாரத்துக்கென்று சிறு பட்டன் பேட்டரி இருக்கும். வந்ததில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. திறந்து பார்த்தேன், பேட்டரியும் இல்லை. கேம் ஓடத்தான் செய்தது. சேமித்து வைத்துவிட்டு அணைத்து மறுபடி போட்டபோது சேமித்தது காணாமல் போயிருந்தது. அந்தத் தம்பிக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவித்த தவிப்பு எனக்கு மட்டுமே தெரியும்.

இனி அவர்கள் தட்டிக்கழித்த கதை. விற்றவரிடம் கேட்டேன். திருமணத்துக்காக மனமில்லாமல் விற்பதாகச் சொன்ன அதே குரலில், "நான் அசலத்தான் அனுப்பினேன், நீங்கதான் மாத்தி வெச்சுக்கிட்டு பேசறீங்க" என்று சொல்லிவிட்டு, என் எண்ணைத் தடை செய்துவிட்டார். தளத்தின் வாடிக்கையாளர் சேவையில் முதலில் ஒரே மாதிரியான தானியங்கிப் பதில்களே வந்தன. ஒருவழியாக ஓர் ஆள் பேசியபோது, "பையனுக்கு வாங்கினீங்களா மேடம்? வேற கன்சோல்ல போட்டுப் பார்க்கச் சொல்லுங்க" என்றார். எனக்காக நான் வாங்கியது என்று சொன்ன பிறகும் என்னிடம் அவர் பேச்சு மாறவில்லை. மண்டலக் குறியீட்டைப் பற்றி விளக்கினால், "உங்க ஏரியாவுல வோல்டேஜ் பிராப்ளமா இருக்கும் மேடம்" என்றார். ஒரே மின்சாரத்தில், ஒரே கன்சோலில் என்னுடைய மற்ற டிஸ்க்குகள் மட்டும் எப்படி ஓடுகின்றன என்று கேட்டதற்கு இன்று வரை பதில் இல்லை.

பிரித்த வீடியோவை அனுப்பினேன். கூரியர் ஒட்டுத்தாளில் உள்ள எடை அதில் தெளிவாகத் தெரியவில்லை என்று நிராகரித்தார்கள். அப்படி ஒரு விதி பணம் கட்டும் பக்கத்தில் எங்கேயும் இல்லை. வீடியோ அழைப்பைப் பற்றிச் சொன்னால், அது தளத்துக்கு வெளியே நடந்தது, எங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறார்கள். எதைக் கேட்டாலும் கடைசியில் ஓடிபியில் வந்து நிற்கிறார்கள்: "நீங்கதான் ஓடிபி கொடுத்து அக்செப்ட் பண்ணிட்டீங்களே மேடம்." போன 38,500 ரூபாய்க்கு ஈடாக, அடுத்த முறை அதே தளத்தில் வாங்கினால் கழித்துக்கொள்ள 500 ரூபாய்க் கூப்பன் ஒன்றை அனுப்பி, புகாரை முடித்து வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்தபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

விற்றவரின் முழு முகவரியைக் கேட்டதற்குத் தனியுரிமை என்று சொல்லி மறுத்தார்கள். இங்கேதான் எல்லோரும் கவனிக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, வாங்கியவர் எழுத்தில் கேட்டால், வழக்குத் தீர்வுக்குத் தேவையான விற்பனையாளர் விவரங்களைச் சந்தைத்தளம் கொடுத்தாக வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. இதைச் சுட்டிக்காட்டி நான் எழுதிய கடிதத்துக்கு ஒப்புகைகூட வரவில்லை. 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் புகாரையும், 1915-இல் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் இன்னொரு புகாரையும் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தளத்தின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணமும் கிடையாது. அலைய வேண்டியிருக்குமே என்று பயந்து யாரும் விட்டுவிடாதீர்கள்.

எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன் என்றேன். விரிவாக எழுதும் நிதானம் இப்போது என்னிடம் இல்லை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓடிபியைச் சொன்னாலே பொருளை ஏற்றுக்கொண்டதாக ஆகுமா என்று பணம் கட்டும் முன்பே தளத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் தராத தளத்தில் வாங்காதீர்கள். வீடியோ அழைப்பில் காட்டும் பொருளின் மேல் உங்கள் பெயரையும் தேதியையும் எழுதிய சீட்டை வைக்கச் சொல்லி, அந்தப் பொருளை அங்கேயே பெட்டியில் வைத்து ஒட்டுவது வரை காட்டச் சொல்லுங்கள். அதற்குச் சாக்குச் சொன்னால் விலகிவிடுங்கள். பச்சை முத்திரையை நம்பாதீர்கள். கூடுமானவரை பெங்களூருக்கோ சேலத்துக்கோ நேரில் போய், கன்சோலில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. அதே விற்பனையாளர், அதே பச்சை முத்திரையோடு, அதே படங்களைப் போட்டு, அதே பொருள்களை மறுபடியும் விற்பனைக்கு வைத்திருக்கிறார். வேறு பிரதியாக இருக்கலாம் என்கிறது தளம். எமரால்டு பெட்டியின் மேல் மூலையில் அவர் எனக்குக் காட்டிய அந்த மடிப்பு, புதிதாகப் போட்டிருக்கும் படத்திலும் அப்படியே இருக்கிறது. மூலை மடிந்த எமரால்டு பெட்டி, எவாஞ்சலியன் ப்ளூரே பெட்டி, பிளேஸ்டேஷன் கட்டு ஆகிய மூன்றையும் சேர்த்து யாராவது உங்களுக்குக் காட்டினால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் பணம் கட்டிய ரசீதோடு எனக்குத் தெரிவியுங்கள். ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது, என் மனுவை நான் இன்னும் தாக்கல் செய்யவில்லை.