பக்கவாதத்துக்கு ‘கேரண்டி’ சிகிச்சையா? பணம் கட்டும் முன் படியுங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் யார் வீட்டிலாவது பக்கவாதம் வந்து கை கால் விழுந்திருந்தால், தயவுசெய்து இதைப் படியுங்கள்.

அப்பாவுக்கு இடது பக்கம் விழுந்தது. புதுச்சேரியில் ஒரு தனியார் பிசியோதெரபி மையத்தில், “மூணு மாசத்துல கையைத் தூக்க வெச்சிடுவோம், கேரண்டி” என்று சொல்லி 45,000 ரூபாயை முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். முதல் நாள் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அப்புறம் கண்ணிலேயே படவில்லை. ஒரு பையன் வந்து கரண்ட் மெஷினின் பேடைக் கையில் ஒட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவான். அது முடிந்ததும் கப்பி. மேலே தொங்கும் கயிற்றை அப்பா வலது கையால் இழுக்க, விழுந்த கை தலைக்கு மேல் போகும். வலிக்கிறது என்றால், “வலிச்சாதான் பெரியவரே நரம்பு வேலை செய்யும்” என்பார்கள்.

தோள் வீங்கி, ராத்திரி தூக்கம் போனதும் வேறு மருத்துவரிடம் காட்டினோம். தொட்டுப் பார்த்த உடனே, மூட்டு கீழே இறங்கியிருக்கிறது என்றார். தோளைத் தாங்குவதே சுற்றியுள்ள தசைகள்தான். அவை தளர்ந்திருக்கும்போது கையின் எடையே மூட்டை இறக்கிவிடும். அந்தக் கையைக் கப்பியில் மாட்டி இழுக்கலாமா? பக்கவாதத் தோளுக்குக் கப்பிப் பயிற்சி வேண்டாம் என்று அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் 2016-லேயே வழிகாட்டுதலில் சொல்லியிருக்கின்றன.

பணத்தைவிட எனக்கு ஆறாதது, போன காலம். முன்னேற்றம் வேகமாக வருவது முதல் சில மாதங்களில்தான். அப்போது நோயாளி தானே முயன்று திரும்பத் திரும்பச் செய்தால்தான் மூளை அந்த அசைவை மறுபடி பழகும். இப்போது வருகிற பிசியோதெரபிஸ்ட் டம்ளரை எட்டிப் பிடிக்கச் சொல்கிறார், மேசைமேல் துண்டைத் தள்ளச் சொல்கிறார். அப்பாவுக்கு வியர்த்துவிடுகிறது. அங்கே ஒரு நாளும் வியர்த்ததில்லை.

பாக்கிப் பணத்தைக் கேட்டதற்கு, “பேக்கேஜ் போட்டா ரிட்டர்ன் கிடையாது” என்றார்கள். கையில் இருப்பது வெறும் துண்டுச்சீட்டு. அதை வைத்து நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன். அதற்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு. நீங்கள் பணம் கட்டுவதாக இருந்தால் முறையான ரசீது வாங்குங்கள். தினமும் யார் பார்ப்பார்கள், அவர் பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) படித்தவரா என்று முதலிலேயே கேளுங்கள். கடலூர்க்காரர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றி விசாரியுங்கள். வீட்டுக்கே வந்து இலவசமாகப் பிசியோதெரபி கொடுக்கும் திட்டம் அது. புதுச்சேரி ஜிப்மரிலும் மறுவாழ்வு மருத்துவத்துக்குத் தனித் துறை இருக்கிறது.

இன்னொன்று. கட்டிலிலிருந்து எழுப்பும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் கை கொடுத்துத் தூக்குங்கள்.