மருத்துவரே ஆராய்ச்சியாளராவதா, பொறியாளர் மருத்துவம் கற்பதா?

மருத்துவமும் பொறியியலும் டிஜிட்டல் ஹெல்த்தும் சேருகிற இடத்தில் முனைவர் பட்டம் செய்ய நினைத்தால், முதலில் இந்த இரண்டு வழிகளைப் பாருங்கள்.

ஒன்று எம்.டி.-பிஎச்.டி., அதாவது மருத்துவர் பட்டமும் முனைவர் பட்டமும் சேர்ந்த இரட்டைப் பட்டம். அமெரிக்காவில் 1964 முதல் இதற்கு அரசு நிதி உண்டு. முதல் இரண்டு வருடம் மருத்துவப் படிப்பு, நடுவில் ஆராய்ச்சி, அப்புறம் மறுபடியும் வார்டு என்று மொத்தம் சுமார் 8 வருடம் ஆகும், அதற்கு மேல்தான் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. நோயாளிக்குச் சிகிச்சை தரும் உரிமை உங்கள் கையில் இருக்கும், அது சின்ன விஷயமில்லை. ஆனால் சிகிச்சைப் பயிற்சி முடித்து ஆய்வுக்குத் திரும்பும்போது நீங்கள் விட்டுப்போன தொழில்நுட்பம் எங்கேயோ போயிருக்கும்.

இன்னொன்று, மருத்துவப் பயிற்சியை உள்ளே வைத்த பொறியியல் பிஎச்.டி. ஹார்வர்டும் எம்ஐடியும் 1970-இல் சேர்ந்து தொடங்கிய திட்டம் இதற்கு நல்ல உதாரணம். பொறியியல் மாணவர்களும் மருத்துவ மாணவர்களோடு உட்கார்ந்து படிக்கிறார்கள், வார்டுக்கும் போகிறார்கள். வார்டு ஏன் அவ்வளவு முக்கியம்? நோயாளியின் மின்னணுப் பதிவில் இருக்கும் நேரம் பல சமயம் காய்ச்சல் பார்த்த நேரமாக இருக்காது, நர்ஸுக்கு டைப் செய்ய நேரம் கிடைத்த நேரமாகத்தான் இருக்கும். இதை நேரில் பார்க்காதவர் அந்தப் பதிவுகளை வைத்து உருவாக்கும் கணிப்பு மாடல் திரையில் பிரமாதமாக இருந்து, படுக்கையருகே தவறும்.

சிகிச்சை தருவதும் உங்கள் ஆசை என்றால் முதல் வழி. கருவியோ அல்காரிதமோ உருவாக்குவதுதான் நோக்கம் என்றால், சரி, தயங்காமல் இரண்டாவதுக்குப் போங்கள். மருத்துவர் ஒருவரும் இணை வழிகாட்டியாக இருப்பாரா என்பதை மட்டும் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.