பேஸ் கிட்டாருக்கும் வீணைக்கும் ஒரே டிஐ பாக்ஸ் போதுமா?

மதுரை வட்டாரத்துத் திருவிழா மேடைகளிலும் மண்டபக் கச்சேரிகளிலும் கருவியின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டியாகிய பெஹ்ரிங்கர் டிஐ100 பாக்ஸைப் பேஸ் கிட்டார், கீபோர்டு, வீணை மூன்றுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறோம். முதல் இரண்டுக்கும் அது கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கிறது. வீணையின் நிலை வேறு.

தெருவை அடைத்துப் போட்ட மேடையிலிருந்து மிக்சர் வரை 30 மீட்டர் கேபிள் ஓடும்போது, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்அப்பின் சிக்னலைச் சாதாரண ஜாக் கேபிளிலேயே அனுப்பினால் மேல்சுரங்கள் மங்கிவிடும். வழியிலுள்ள மின்னிரைச்சலும் சேர்ந்துகொள்ளும். டிஐ பாக்ஸ் அதைக் குறைந்த இம்பிடென்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) கொண்ட, இரு கம்பிகளில் எதிரெதிராகச் செல்லும் பேலன்ஸ்டு சிக்னலாக மாற்றுவதால், இரு கம்பிகளிலும் ஒரே அளவில் நுழையும் இரைச்சலை மிக்சர் கழித்துவிடுகிறது. இந்தப் பெட்டி மிக்சர் மைக் கேபிள் வழியே அனுப்பும் ஃபேன்டம் மின்சாரத்திலும் 9 வோல்ட் பேட்டரியிலும் இயங்கும். கீபோர்டின் சிக்னல் மிகுந்து வந்தால் தலா 20 டெசிபல் குறைக்கும் பொத்தான்கள் இரண்டு உண்டு.

சிக்னல் கேபிளின் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மேடை ஆம்ப்ளிஃபயரும் மிக்சரும் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகியிருப்பதால் எழும் 50 ஹெர்ட்ஸ் உறுமலை அது பெரும்பாலும் நிறுத்துகிறது. ஆனால் ஒற்றைச் சுருள் பிக்அப் உள்ள கிட்டாரோடு டிரான்ஸ்ஃபார்மருக்கோ விளக்கு டிம்மருக்கோ அருகில் நின்றால், அந்த உறுமல் பிக்அப்பிலேயே புகுந்துவிடும். அதற்கு எந்த டிஐ பாக்ஸும் பொறுப்பாகாது. கலைஞர் நான்கு அடி தள்ளி உட்கார்வதே வழி.

வீணையில் ஒட்டப்படும் பீஸோ (அழுத்தத்தால் மின்சாரம் தரும்) பிக்அப்பின் மின்தேக்குத்திறன் ஏறத்தாழ 1 நானோஃபாரட் என்று கொண்டால், டிஐ100இன் உள்ளீட்டு இம்பிடென்ஸாகிய 250 கிலோ ஓமோடு சேர்ந்து, சுமார் 640 ஹெர்ட்ஸுக்குக் கீழ் ஒலி படிப்படியாகத் தேய்கிறது. மந்தர ஸ்தாயியின் கனமே வீணையின் உயிர் என்பதால் இந்த இழப்பு சிறிதன்று; மிக்சரில் பேஸைத் திருகி ஏற்றினால் ஃபீட்பேக்தான் முந்திக்கொண்டு வரும். கிட்டாரின் காந்தப் பிக்அப்புக்கு இந்த 250 கிலோ ஓம் போதும் என்பதால் இதைப் பெட்டியின் குறையாகக் கருத வேண்டியதில்லை. 1 மெகா ஓம் கொண்ட பிஎஸ்எஸ் ஏஆர்-133 என்ற டிஐ பாக்ஸில் அதே எல்லை சுமார் 160 ஹெர்ட்ஸுக்கு இறங்குகிறது. 10 மெகா ஓம் கொண்ட கன்ட்ரிமேன் டைப் 85இல் 16 ஹெர்ட்ஸ், அதாவது காதுக்கு எட்டாத ஆழம். விலை கூடுதல்தான் எனினும், கச்சேரியே தொழிலாகக் கொண்ட வீணைக் கலைஞர் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்வது நல்லது. வாடகை மைக் செட்டில் அது இருக்கும் என்று நம்பிப் போக முடியாது.

பிக்அப்புக்கு அடுத்தே அதன் சிக்னலை முதலில் வலுப்படுத்தும் ஒரு நல்ல பீஸோ பிரீஆம்ப் வைத்திருப்பவருக்கு இந்தச் செலவு வேண்டாம். பிரீஆம்பைத் தாண்டி வரும் சிக்னலுக்கு டிஐ100 தாராளமாகப் போதும்.