பலகையா, தனி எழுத்தா: ஜப்பானின் தொடக்ககால மர அச்சு

கியோட்டோவில் ஒரு பட்டறையில் ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தபோது, தனித்தனி மர எழுத்துகளைக் கோக்கப் போகிறீர்களா, பக்கம் முழுவதையும் ஒரே பலகையில் செதுக்கப் போகிறீர்களா என்று கேட்டார்கள். நான் பலகையைத் தேர்ந்தேன். பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஜப்பானியப் பதிப்பாளர்களும் பெரும்பாலும் பலகைக்கே திரும்பிவிட்டனர்.

தனி எழுத்தின் சிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1590-களில் அன்றைய ஜப்பானிய ஆட்சியாளர் ஹிதேயோஷியின் கொரியப் படையெடுப்போடு அந்நாட்டுத் தனி எழுத்து அச்சுக்கலை ஜப்பானுக்கு வந்தது. 1599-இல், பின்னர் ஜப்பானை ஆண்ட தொகுகாவா இயேயாசு ஏறத்தாழ 1,00,000 மர எழுத்துகளைச் செய்வித்து ஒரு துறவியிடம் ஒப்படைத்தார். அவற்றில் பாதியளவு கியோட்டோவின் என்கோஜி கோயிலில் இன்றும் உள்ளது. 1608-இல் கியோட்டோவின் சாகா பகுதியில் பதிப்பித்த, 'இசே கதைகள்' என்ற பழைய ஜப்பானியக் கதை நூலில், தூரிகை எழுத்தின் ஓட்டம் குலையாதிருக்க இரண்டு மூன்று எழுத்துகளை ஒரே கட்டையில் இணைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். அழகில் அதற்கு ஈடு சொல்வது கடினம்.

என்னைப் பொறுத்தவரை வழக்கைத் தீர்ப்பது மறுபதிப்புதான். கோத்த பக்கத்தை அச்சிட்டதும், அடுத்த பக்கத்துக்காக எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டாக வேண்டும். ஆறு மாதம் கழித்து வாசகர் மேலும் பிரதி கேட்டால், ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளிலிருந்து தேடியெடுத்து மீண்டும் கோத்து, மீண்டும் பிழை பார்க்க வேண்டும். பலகையோ செதுக்கும்போது மட்டுமே உழைப்பை விழுங்கும்; பிறகு பரணில் கிடந்து, கேட்கும்போதெல்லாம் மை தடவித் தாளை வைத்துத் தேய்த்தால் பிரதி தரும். அதனால் பலகைகளே பதிப்பாளரின் சொத்தாயின. அச்சிடும் உரிமையோடு கைமாறவும் செய்தன. சீன உரையை ஜப்பானியர் படிக்க உதவும்படி அதன் ஓரத்தில் இடவேண்டிய வாசிப்புக் குறிகளையும் படங்களையும் அதே பலகையில் செதுக்கிவிடலாம் என்பது கூடுதல் வசதி.

பௌத்தத் திருமுறைத் தொகுப்பின் இரு பதிப்புகளை அருகருகே வைத்தால் இது விளங்கும். தென்காய் துறவி தொடங்கியது 1637 முதல் 1648 வரை மர எழுத்துகளால் அச்சாயிற்று. தெத்சுகென் துறவியின் பதிப்புக்காகச் சில பத்தாண்டுகளுக்குப் பின் செதுக்கிய சுமார் 60,000 பலகைகள் கியோட்டோ அருகே ஊஜியின் மன்புகுஜி கோயிலில் இருக்கின்றன. அவற்றிலிருந்து இன்றும் கையால் அச்சிடுகிறார்கள்.

என் அனுபவம் ஒரு பக்கத்தோடு நிற்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை மட்டும், சில பிரதிகளே போதும் என்றால் தனி எழுத்தே சிக்கனமாக இருந்திருக்கலாம். பிழை திருத்தத்திலும் அதுவே எளிது: தவறான எழுத்தை உருவி வேறொன்றைச் செருகினால் போதும். நானோ பிழையான இடத்தைத் தோண்டி, சிறு மரத்துண்டை அடைத்து, அதன்மேல் மறுபடி செதுக்கினேன். அந்த ஒட்டின் விளிம்பு ஒவ்வொரு பிரதியிலும் மெல்லிய கோடாக விழுகிறது.