கடற்காற்றில் ஒரு செராமிக் கரி அடுப்பு: பத்து மாதம் சமைத்துப் பார்த்த பிறகு

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் எங்கள் வீட்டுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவில் காற்று ஓய்ந்திருக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தி வைக்கும் வழக்கம் எங்கள் பகுதியில் சிறுபிள்ளைக்கும் தெரியும். அப்படிப்பட்ட ஊரில், உள்ளே புகும் காற்றின் அளவைக் கொண்டே சூட்டைக் கூட்டிக் குறைக்க வேண்டிய ஓர் அடுப்பை வாங்கலாமா என்று நான் நெடுநாள் யோசித்தேன். வாங்கிப் பத்து மாதம் ஆகிறது. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றிலும் வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காற்றிலும் அதில் சமைத்துப் பார்த்துவிட்டேன் என்பதால், இனி வாங்க நினைக்கும் கடலோரத்துக்காரர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

இது கமாடோ என்று அழைக்கப்படும் முட்டை வடிவ அடுப்பு. ஜப்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்கு அடுப்பு என்றே பொருள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படைவீரர்கள் இதை ஊருக்கு எடுத்துச் சென்றதால் அங்கே பரவியது. நான் வாங்கியது சுமார் 13 அங்குல விட்டமுள்ள சிறிய வகை. எங்கும் எடுத்துச் செல்லலாம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள்; ஆனால் செராமிக் சுவர் தடிமனானது, எடை 30 கிலோவுக்கு மேல். கடற்கரைக்குக் கொண்டுபோக இரண்டு பேர் பிடிக்க வேண்டும், வண்டியில் ஏற்றும்போது அடியில் பழைய மெத்தை விரிக்க வேண்டும். கீழே விழுந்தால் செராமிக் உடைந்துபோகும்.

கீழ்ப்பக்கத்தில் இழுத்துத் திறக்கும் சிறு கதவு, உச்சியில் திருகித் திறக்கும் மூடி ஆகிய இரண்டு வாய்களைத் தவிர சூட்டைக் கட்டுப்படுத்த இதில் வேறு எதுவும் இல்லை. உள்ளே சூடான காற்று மேல் வாய் வழியாக வெளியேற, அது விட்டுச்சென்ற இடத்தை நிரப்பப் புதுக்காற்று கீழ் வாய் வழியாகக் கரிக்குள் இழுக்கப்படுகிறது. இதைப் புரிந்துகொள்ளாமல், சாதாரணக் கரி அடுப்பில் செய்வதைப் போல, குறைந்த சூடு வேண்டுமென்று முதல் நாள் குறைவாகக் கரி போட்டு இரண்டு வாய்களையும் நன்றாகத் திறந்துவிட்டேன். ஒன்றேகால் கிலோ விளைமீன் ஒன்று, வெளித்தோல் கரிந்தும் முள்ளோரம் வேகாமலும் வெளியே வந்தது. இந்த அடுப்பில் கரியை நிறையவே போட வேண்டும். அதில் எவ்வளவு எரியும் என்பதைக் காற்று முடிவு செய்யும். இதை நான் முழுதாக உணர்ந்தது அடுப்போடு வந்த கையேட்டைப் படித்து அல்ல, சாயல்குடிப் பக்கம் கரி வாங்கப் போன இடத்தில்.

நம் மாவட்டத்தில் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவதைப் பார்க்காதவர் குறைவு. கட்டைகளை அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, சிறு துளைகளை மட்டும் விட்டு உள்ளே நெருப்பு வைக்கிறார்கள். அங்கே மூட்டத்தைக் காவல் காத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், எந்தத் துளையை எப்போது அடைப்பது என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். “புகையப் பாருங்க தம்பி. வெள்ளையா வந்தா இன்னும் ஈரம் போகல. நீலமா மெலிஞ்சு வந்தா அந்தப் பக்கம் வெந்துருச்சு, உடனே மண்ணப் போட்டு அடைச்சுரணும். விட்டா அம்புட்டும் சாம்பலாப் போயிரும்” என்றார். சொல்லிக்கொண்டே ஒரு துளையோரம் புறங்கையை நீட்டிச் சூடு பார்த்து, ஒரு பிடி மண்ணை எடுத்து அப்பினார். அந்த மூட்டமும் என் வீட்டு அடுப்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்பது அப்போது விளங்கியது. மூட்டத்தில் கரியாவதற்காகக் காற்றைக் குறைக்கிறார்கள். அந்தக் கரி மெல்ல எரிவதற்காக நான் காற்றைக் குறைக்கிறேன். புகையைப் பற்றி அவர் சொன்னதும் அப்படியே பொருந்துகிறது. பற்றவைத்த முதல் கட்டத்தில் வரும் தடித்த வெள்ளைப் புகை மீனில் கசப்பை ஏற்றிவிடும். அது மெலிந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாக வரும்வரை நான் எதையும் உள்ளே வைப்பதில்லை.

கரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர்ச் சீமைக்கருவேலங்கரி கனமானது, நின்று எரிவது. இந்த அடுப்புக்கு மிகவும் ஏற்றது. ஆனால் மூட்டத்து மண் அதில் ஒட்டியிருக்கும், மூட்டையின் அடியில் தூளும் சேர்ந்திருக்கும். இரண்டும் உள்ளிருக்கும் தட்டின் துளைகளை அடைத்துக்கொண்டால், கீழ் வாயை எவ்வளவு திறந்தாலும் சூடு ஏறாது. ஆகவே சலித்து, பெரிய துண்டுகளை அடியிலும் சிறியவற்றை மேலேயும் அடுக்குகிறேன். உள்ளே பழுப்பு தெரியும் வேகாத கட்டைகளைப் பொறுக்கி எடுத்துவிடுகிறேன். அவை கடைசிவரை புகையும். உப்புக்காற்றில் கரி ஈரம் இழுப்பதால் மூடியுள்ள தகர டின்னில் வைப்பது நல்லது. பற்றவைக்க நான்கு கொட்டாங்கச்சித் துண்டுகள் போதும். மண்ணெண்ணெயை மட்டும் கிட்டவே கொண்டுவரக் கூடாது, ஏனென்றால் அதன் வாடை செராமிக்கில் ஊறினால் பிறகு சமைப்பதிலெல்லாம் அடிக்கும்.

சூட்டை நிறுத்துவதில்தான் இந்த அடுப்பு ஆளைச் சோதிக்கிறது. ஏறும்போதே பிடிக்க வேண்டும். ஏறிவிட்ட பிறகு இறக்குவது பெரும்பாடு. தடித்த சுவர் ஒருமுறை சூட்டை வாங்கிவிட்டால் எளிதில் விடாது. ஒருநாள் கவனக்குறைவால் 250 டிகிரி செல்சியஸ் வரை போய்விட்டதை 120க்கு இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, கோழி மசாலாவில் ஊறிக்கொண்டே காத்திருந்தது. இப்போதெல்லாம் வேண்டிய சூட்டுக்கு 25 அல்லது 30 டிகிரி இருக்கும்போதே இரண்டு வாய்களையும் குறைக்கத் தொடங்கி, பிறகு வெப்பமானியின் முள் அசையாமல் நிற்கிறதா என்று அரை மணி நேரம் பார்க்கிறேன். காற்று அடங்கிய மாலையில் 110 டிகிரி வேண்டுமென்றால் கீழ்க் கதவு சுண்டுவிரல் நுழையும் அளவுக்கும் குறைவாகவும், மேல் மூடி ஒரு நூல் பிளவாகவும் இருந்தால் போதும். எதை மாற்றினாலும் சிறிதளவு மட்டும் மாற்றிவிட்டுப் பதினைந்து நிமிடம் பொறுக்க வேண்டும். முள் உடனே நகரவில்லையே என்று மறுபடியும் கை வைப்பவர்கள்தான் சூட்டை மேலும் கீழுமாக அலையவிடுகிறார்கள்.

மேலே சொன்ன அளவு காற்று அடங்கிய மாலைக்குத்தான். ஆடியில் கச்சான் வீசும்போது, கீழ் வாய் காற்றைப் பார்த்தபடி இருந்தால், துருத்தி வைத்து ஊதுவதைப் போல அதே சுண்டுவிரல் இடைவெளியிலேயே 110 டிகிரி 180க்குத் தாவியது. அடுப்பைத் திருப்பி, கீழ் வாய் காற்றுக்கு முதுகு காட்டும்படி வைத்து, மாடிச் சுவரின் மறைவுக்கு நகர்த்திய பிறகே அது கட்டுக்குள் வந்தது. மேல் வாயைக் கடந்து வேகமாக ஓடும் காற்றும் உள்ளிருப்பதை உறிஞ்சி இழுக்கும் என்பதால், பலத்த காற்றில் மேல் மூடியையும் வழக்கத்தைவிடக் குறைத்தே வைக்க வேண்டும். பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று இரவில் திசை மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. மாலை நான்கு மணிக்கு வைத்து இரவு ஒன்பதுக்கு எடுக்கும் சமையலானால், இடையில் ஒருமுறை போய்க் காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட வேண்டியிருக்கிறது.

இனிக் குறைகள். அடுப்பின் மேல்பாதியான பெரிய மூடியிலுள்ள வெப்பமானி பாரன்ஹீட்டில் இருந்தது. 225 என்று காட்டினால் 107 டிகிரி செல்சியஸ் என்று நாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அது பொய் சொன்னது. கழற்றி அதன் முனையைக் கொதிக்கும் நீரில் வைத்தால் 212 காட்ட வேண்டியது 240 காட்டியது. பின்னாலுள்ள மரையைத் திருகிச் சரிசெய்ய முடிந்தது, ஆனால் புதிதாக வாங்கியவுடனேயே எல்லோரும் இதைச் சோதித்துக்கொள்வது நல்லது. அடுத்து, மூடியும் உடலும் சேரும் விளிம்பில் ஒட்டியிருக்கும் கம்பளிப் பட்டை. வாய்களை எவ்வளவு குறைத்தாலும் சூடு 150க்குக் கீழே வராமல் அடம்பிடித்தபோது, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி விளிம்பைச் சுற்றி மெதுவாக நகர்த்தினேன். கீல் இருக்கும் பக்கம் வந்ததும் நேராக எழும்பிக்கொண்டிருந்த புகை வளைந்து அடுப்புக்குள் நுழைந்தது. நான்கு அங்குல நீளத்துக்குப் பட்டை ஒட்டாமல் தூக்கிக்கொண்டிருந்தது. விற்ற கடையில் சொன்னேன், படம் எடுத்தும் அனுப்பினேன். பயன்படுத்தப் பயன்படுத்தப் படிந்துவிடும் என்று மட்டும் பதில் வந்தது. காற்றை அடைக்கும் பொருட்டே இருக்கும் ஓர் உறுப்பு காற்றை விடுகிறது என்றால் அது சிறிய குறை அல்ல. கடைசியில் நானே சூடு தாங்கும் பசை வாங்கி ஒட்டினேன். அன்று முதல் 110 டிகிரியில் ஐந்து மணி நேரம் அசையாமல் நிற்கிறது.

அபாயம் ஒன்று உண்டு. நல்ல சூட்டில் இரண்டு வாய்களும் குறைந்திருக்கும்போது உள்ளே நெருப்பு காற்றுக்காக ஏங்கிக்கொண்டிருக்கும். அப்போது மூடியைச் சட்டென்று தூக்கினால், புகுந்த காற்றில் தீ முகத்தை நோக்கிப் பாயும். ஒருமுறை என் முன்கை முடி முழுவதும் பொசுங்கியது. மூடியை இரண்டு விரற்கடை மட்டும் தூக்கி, சில நொடிகள் அப்படியே பிடித்து, உள்ளிருப்பது அடங்கிய பிறகு திறக்க வேண்டும். பிள்ளைகள் அருகில் இருந்தால் நான் திறப்பதே இல்லை. மழை வந்தாலும் இதை வீட்டுக்குள் வைத்து எரிக்கக் கூடாது. கரிப்புகையின் நச்சுவாயு ஆளைக் கொல்லும்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் வைத்திருக்கிறேன் என்றால், சுவைக்காக. குறைந்த காற்றே உள்ளே ஓடுவதால் கறியின் ஈரம் வற்றுவதில்லை. முண்டு மிளகாயும் பூண்டும் மிளகும் அரைத்துத் தடவிய நாட்டுக்கோழியை, கங்குக்கு மேல் செராமிக் தட்டை வைத்து 160 டிகிரியில் வேகவிட்டு, தொடையின் உள்ளே 74 டிகிரி வந்ததும் எடுத்தால், எலும்போரம் வரை சாறு நிற்கிறது. விளைமீனை இப்போது 190 டிகிரியில் வைத்து, முதுகுச் சதைக்குள் 63 டிகிரி ஆனவுடன் எடுக்கிறேன். செதில் நீக்காமல் சுட்டால் தோல் ஒரே தகடாகக் கழன்று வருகிறது. கணவாய்க்கு மட்டும் தட்டை எடுத்துவிட்டு, இரண்டு வாய்களையும் முழுதும் திறந்து, 300 டிகிரியில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும். சீலாத் துண்டுகளுக்கு இந்த அடுப்பு தேவையே இல்லை, அவை தோசைக்கல்லில்தான் எனக்குப் பிடிக்கின்றன.

கரி மிச்சமாவது இன்னொரு நன்மை. சமையல் முடிந்து இரண்டு வாய்களையும் இறுக மூடினால் நெருப்பு தானே அணைகிறது. தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான செராமிக் விரிசல் விடும். மறுநாள் கிளறிச் சாம்பலை உதிர்த்தால் பாதிக்கு மேல் கரி அப்படியே இருக்கும், அதன் மேல் இரண்டு கை புதுக்கரி போட்டால் அடுத்த சமையலுக்கு ஆகிவிடுகிறது.

உப்புக்காற்று செராமிக்கை ஒன்றும் செய்யவில்லை, ஆனால் இரும்புப் பட்டைகளும் கீலும் மூன்றாம் மாதமே துருப்பிடிக்கத் தொடங்கின. வாரம் ஒருமுறை தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைக்கிறேன், வாடை தொடங்கியதும் மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டிவிடுகிறேன். கடலோரத்தில் வாங்குபவர்கள் கொஞ்சம் கூடுதல் விலையானாலும் பட்டையும் கீலும் துருப்பிடிக்காத எஃகில் இருப்பதையே கேட்டு வாங்குங்கள். கடையை விட்டு வெளியே எடுத்துவரும் முன் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அந்த விளிம்பையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள்.