முட்டைப் பண்ணைக்கே வந்து போட்ட ஃப்ளூ ஊசி

புதுச்சத்திரம் பக்கம் எனக்கு ஒரு லேயர் பண்ணை இருக்கிறது. மூன்று ஷெட், சுமார் 20,000 கோழி. ஒரு நாள் குஞ்சுக்கு மேரெக்ஸ், ஏழாம் நாள் லசோட்டா, அப்புறம் கம்போரோ என்று எதற்கு எப்போது என்ன மருந்து என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். "உங்களுக்குக் கடைசியாக எப்போ ஊசி போட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்டபோதுதான் முழித்தேன். கொரோனா இரண்டாவது டோஸ் என்று ஞாபகம் வர அரை நிமிஷம் ஆனது.

நாமக்கல் டவுனில் இருக்கும் சின்ன கிளினிக் அது. பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் அவர்களே இடத்துக்கு வந்து ஃப்ளூ தடுப்பூசி போட்டுவிட்டுப் போகிறார்கள். 2024, 2025 இரண்டு வருடமும் செப்டம்பர் கடைசியில் கூப்பிட்டேன். பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், ஊரோ சின்ன ஊர்.

முதலில் ஏன் கூப்பிட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2024 ஏப்ரலில் ஆலப்புழையில் வாத்துகளுக்கு எச்5என்1 பறவைக் காய்ச்சல் என்று உறுதியானது. கேரளாவில் ஒரு வாத்து தும்மினால் இங்கே நாங்கள் பண்ணை வாசலில் வண்டி டயரை நனைக்கும் தொட்டியில் கிருமி மருந்து மாற்றுவோம், அது பழகிப்போன விஷயம். அதே சமயத்தில் அமெரிக்காவில் கறவை மாடுகளுக்கும், பால் கறக்கிறவர்களுக்கும் அதே வியாதி என்று செய்தி வந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. அந்த வாரமே ஒரு மருந்துக் கம்பெனி ஆள் வந்து, "இந்த ஃப்ளூ ஊசியைப் போட்டால் பறவைக் காய்ச்சல் கிட்டவே வராதுங்க" என்று அளந்துவிட்டுப் போனார். சந்தேகத்தோடு கிளினிக்குக்குப் போனேன்.

டாக்டரம்மா முதல் வார்த்தையிலேயே அதை உடைத்துவிட்டார். இந்த ஊசி மனுஷங்களுக்கு வருஷா வருஷம் வருகிற ஃப்ளூவுக்கு. பறவைக் காய்ச்சலைத் தடுக்காது. அப்புறம் எதற்குப் பண்ணை ஆட்களுக்கு? ஃப்ளூ வைரஸின் மரபணு எட்டுத் தனித்தனித் துண்டாக இருக்கிறதாம். ஒரே ஆளின் உடம்பில் மனுஷ ஃப்ளூவும் கோழி ஃப்ளூவும் ஒரே நேரத்தில் புகுந்தால், இரண்டு சீட்டுக்கட்டைச் சேர்த்துக் குலுக்கிய மாதிரி துண்டுகள் மாறிப்போய்ப் புது வைரஸ் ஒன்று கிளம்பலாம். 1957, 1968-இல் உலகம் முழுக்கப் பரவிய இரண்டு ஃப்ளூ தொற்றிலும் பறவைத் துண்டும் மனுஷத் துண்டும் கலந்திருந்தன. 2009-இல் வந்த பன்றிக் காய்ச்சலில் பன்றி, பறவை, மனுஷன் மூன்றும் உண்டு. கோழியோடு புழங்குகிறவனுக்கு மனுஷ ஃப்ளூ வராமல் பார்த்துக்கொண்டால் அந்தக் குலுக்கலுக்கான வாய்ப்பு குறையும். "உங்க 19 பேரையும் காப்பாத்தறது பாதி, ஊரைக் காப்பாத்தறது பாதி" என்றார். வியாபாரத்துக்காகப் பொய் சொல்லவில்லை என்பதற்கே முழு மார்க்.

சரி, சேவைக்கு வருகிறேன். வந்திறங்கியதும் நான் பார்த்தது அவர்கள் ஐஸ் பெட்டியைத்தான். வாக்சினைக் கெடுத்து ஒரு பேட்ச் குஞ்சைப் பறிகொடுத்தவனுக்கு வேறெங்கே கண் போகும்? உள்ளே சின்ன தெர்மாமீட்டர், 5 டிகிரி காட்டியது. 2-க்கும் 8-க்கும் நடுவில் இருக்க வேண்டும், சரியாக இருந்தது. அதைவிடப் பிடித்தது, ஐஸ் பாக்கெட் ஊசி டப்பாவில் நேரடியாகப் படாமல் நடுவில் அட்டை வைத்திருந்தார்கள். கிருமியைக் கொன்று செய்யும் கில்டு வாக்சின் ஒரு முறை உறைந்தால் அப்புறம் அது வெறும் தண்ணீர், கோழிக்கானாலும் மனுஷனுக்கானாலும். டாக்டரே வைத்திருக்கும் சில இடங்களில் ஃப்ரீசருக்கு ஒட்டினாற்போல் ஊசி டப்பா கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்த நர்ஸம்மா ஒவ்வொரு ஆள் உட்கார்ந்த பிறகுதான் பெட்டியைத் திறந்து ஒரு சிரிஞ்சை எடுத்தார்.

படிவத்தில் ஒரு கேள்வி: முட்டை ஒவ்வாமை உண்டா? முட்டை பொறுக்கும் அக்கா ஒருவர், "ஏனுங்கம்மா, நாளெல்லாம் முட்டைக்குள்ளதான் கெடக்கறேன், என்னையப் பார்த்தா கேக்கறீங்க?" என்றதும் ஷெட்டே சிரித்தது. கேட்டதற்குக் காரணம் உண்டு. ஃப்ளூ தடுப்பூசியில் பெரும்பகுதியைக் கோழி முட்டைக்குள்தான் வளர்க்கிறார்களாம். அலர்ஜி இருந்தாலும் இப்போது போடலாம், விசாரித்துக்கொள்கிறோம் அவ்வளவுதான் என்றார் நர்ஸம்மா. எனக்கு இது புதுச் செய்தி. நம் முட்டை அதற்கு ஆகாது, சேவல் சேராத முட்டையில் கரு ஏது? அதற்கென்று தனியாகக் காவலில் வளர்க்கும் கோழிகளின் கருமுட்டை வேண்டும். அன்றைக்கு ராத்திரி படுத்தபோது தோன்றியது: கோழிகளைக் கொல்லும் ஒரு ஃப்ளூ வந்து மனுஷனுக்கும் பரவினால், தடுப்பூசிக்கு முட்டை போட வேண்டியதும் அதே கோழிதானே! அதனால்தான் முட்டைக்குப் பதில் உயிரணுவில் (செல்லில்) வளர்க்கும் முறையையும் சில நாடுகள் கையில் வைத்திருக்கின்றன என்று மறுநாள் போனில் டாக்டரம்மா சொன்னார்.

பணக் கணக்கு. ஆளுக்கு 1,450 ரூபாய், 19 பேருக்கு 27,550. அன்றைக்கு முட்டை ஐந்து ரூபாய்ப் பக்கம், அதாவது ஐயாயிரத்து ஐந்நூறு முட்டை, என் பண்ணையின் ஒரு நாள் முட்டையில் மூன்றில் ஒரு பங்கு. கம்மி என்று சொல்லமாட்டேன். வேறொரு இடத்தில், நாலு வகை ஃப்ளூ வைரஸுக்கும் சேர்த்த நால்வகை ஊசிதான் உசத்தி என்று இன்னும் 600 ரூபாய் கூடக் கேட்டார்கள். அந்த நாலாவது வகை வைரஸ் 2020 மார்ச்சுக்கு அப்புறம் உலகத்தில் எங்கேயும் உறுதியாகத் தென்படவில்லை, மூன்று வகையே போதும் என்று சொல்லி என் பணத்தை மிச்சம் பிடித்தவர் இந்த டாக்டரம்மா.

குறைகள். முதல் வருடம் படிவம் முழுக்க இங்கிலீஷில். என்னிடம் ஏழு பேர் ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமலே போட்டார்கள். சொன்னேன். இரண்டாம் வருடம் தமிழ்ப் படிவம் வந்துவிட்டது, ஒடியாவுக்கு இன்னும் வழியில்லை. மூத்த பையன் ஒருவன் தமிழில் கேட்டு மற்றவர்களுக்குச் சொன்னான். அடுத்தது நேரம். எட்டு மணிக்கு வருகிறோம் என்றவர்கள் இரண்டு வருடமும் பதினொன்றரைக்கு வந்தார்கள். அது முட்டை பொறுக்கும் நேரம். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட தீவனக் குடோனில் மேஜையை விரித்தபோது நானே பெட்டியைத் தூக்கி வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனேன்.

பெரிய குறை ஒன்று, அதில் என் பங்கும் உண்டு. எல்லோருக்கும் ஒரே நாளில் போட்டது. மறுநாள் ஆறு பேருக்குக் கை வலி, இரண்டு பேருக்கு லேசான காய்ச்சல். ஒரு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் கோழிக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது. அன்றைக்கு நானும் என் மனைவியும் இரண்டு ஷெட்டில் முட்டை பொறுக்கினோம். கோழிக்கு ஊசி போட்ட வாரம் முட்டை இறங்கும் என்று தெரிந்தவனுக்கு, ஆளுக்குப் போட்டாலும் வேலை இறங்கும் என்று தோன்றியிருக்க வேண்டாமா? 2025-இல் இரண்டு தவணையாகப் பிரித்துப் போட்டோம்.

போனால் கேட்டு வாங்க வேண்டியது இன்னொன்று, ஒரு பக்கத் தாள். ஷெட் சுவரில் ஒட்டியிருக்கிறேன். செத்த கோழிகளை வெறுங்கையால் தொடாதே. திடீரென்று கூட்டமாகச் செத்தால் கால்நடை டாக்டரைக் கூப்பிடு. அதற்குப் பிறகு யாருக்காவது காய்ச்சலோ கண் சிவப்போ வந்தால், கோழியோடு இருந்தேன் என்பதை முதலில் டாக்டரிடம் சொல்லு. ஃப்ளூ மாத்திரை 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாகக் கேட்குமாம், அதனால் ரெண்டு நாள் கஷாயம் குடித்துப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. மாத்திரையை நாமாக வாங்கிப் போடவும் கூடாது.

கூடவே விற்ற மாஸ்க்கைப் பற்றி: காதில் மாட்டுவதை வாங்காதீர்கள், தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை போடும் என்95 வாங்குங்கள். கூண்டுக்கடியில் எரு அள்ளும்போது காதுப்பட்டை வேர்வையில் நழுவிவிடும். வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் யாரும் போட்டிருக்கமாட்டார்கள், அதற்கேற்ப ஆளை மாற்றி மாற்றி விடுங்கள்.

ஊசி போட்டால் ஃப்ளூ வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நன்றாகப் பொருந்திய வருடத்திலேயே நூற்றுக்கு 40 முதல் 60 வரைதான் காப்பு என்றார்கள். பலன் வர இரண்டு வாரம் ஆகும். ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்றுதான் புரட்டாசியில் போட்டேன். என் ஐந்து நட்சத்திரத்தில் நான்கு கொடுக்கிறேன், பதினொன்றரை மணிக்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். அடுத்த தேதியைக் கோழி ஊசி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தாயிற்று: மூன்றாம் ஷெட்டுக்குக் கீழே, "ஆளுங்க, 19".