எழுகடல் தெருப் பக்கத்துத் தையல் சாமான் கடை: பழைய டப்பாவோடு போகலாம்

மீனாட்சி கோயில் கிழக்கு வாசலுக்கு எதிரே இருக்கும் புது மண்டபத்தைத் தாண்டி எழுகடல் தெருப் பக்கம் போனால், இரண்டு பேர் நின்றாலே நிறைந்துவிடும் ஒரு தையல் சாமான் கடை. பலகையில் பெயர் அழிந்து போயிருக்கிறது, நூல் கோன் அடுக்கிய கண்ணாடி அலமாரிதான் அடையாளம். புது மண்டபத்துக்குள் மிஷின் போட்டிருந்த தையல்காரர்களெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் சில பேர் நூலுக்கு இங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

மாமியாரின் தையல் டப்பாவோடு போனேன். உள்ளே மரக்கட்டை ரீல், பாதி சுற்றிய கோன், நாலைந்து நிறம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுற்றிய பாபின் (மிஷினில் அடி நூல் சுற்றிப் போடும் சின்ன உருளை), துரு, உடைந்த ஊசி. இதற்கு முன் போன ஒரு பெரிய கடையில் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல், எல்லாவற்றையும் போட்டுவிட்டு இதை வாங்குங்கள் என்று ஒரு பாபின் செட்டை நீட்டினார்கள். அது கார்மென்ட் கம்பெனிகளில் ஓட்டும் பவர் மிஷினுக்கானது. எங்கள் வீட்டுக் கறுப்புக் கால்மிஷின் பாபின் கிட்டத்தட்ட 2 செ.மீ. அகலம், 11.7 மி.மீ. உயரம், பவர் மிஷினுக்குப் போடுவது அகலத்தில் கொஞ்சம் பெரிது, உயரத்தில் 9 மி.மீ.தான். "எல்லாம் ஒண்ணுதாங்க" என்றார்கள், ஒன்றில்லை.

இந்தக் கடை அண்ணன் டப்பாவை அப்படியே மேசையில் கொட்டினார். ஒவ்வொரு ரீலிலும் வெளிச்சுற்றைக் கொஞ்சம் உருவித் தள்ளிவிட்டு, உள்ளிருந்து ஒரு முழம் எடுத்து இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்தார். வெயிலும் தூசியும் படுவது வெளிச்சுற்றில்தான், அதை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாதாம். காட்டன் நூலில் பாதிக்கு மேல் தொட்டதுமே அறுந்தது. பாலியஸ்டர் நிறம் வெளுத்திருந்தாலும் அறவில்லை. ஒரு ரீலில் மதுரா கோட்ஸ் என்று லேபிள் இருக்க, "இது 74க்குப் பின்னாடி வந்ததுக்கா, மதுரா மில்லும் கோட்ஸும் சேர்ந்த பிறகு" என்று வயது சொன்னார். லேபிள் அழகாக இருந்தது, நூல் அறுந்தது.

அறுகிற நூலை மிஷினில் போட்டால் ஊசிக் கண்ணில் மட்டும் பிரச்சினை இல்லை. பஞ்சு உதிர்ந்து, நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுக்கு நடுவிலும் பாபின் உட்காரும் ஷட்டிலிலும் அடைத்துக்கொள்ளும், அப்புறம் துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகத் தொங்கும், நாம் மிஷினைத் திட்டிக்கொண்டு திருகாணியைத் திருகுவோம். ரொம்ப மோசமானதை அவரே குப்பைக் கூடையில் போட்டார். சுமாரானதை, பிறகு பிரித்துவிடும் ஓட்டுத் தையலுக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். பிரிக்கும்போது சுலபமாக அறுவது அங்கே வசதிதான், வெள்ளைத் துணியில் மட்டும் சாயம் போகிற சிவப்பு, கருநீலம் வேண்டாம். மல்லிப்பூ கட்டவும் ஆகும் என்பார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை, கட்டும்போதே அறுந்து பூ உதிர்கிறது.

பாபினுக்கு அவர் சோதனை இன்னும் எளிது. காலியாக்கி, கண்ணாடி மேசைமேல் உருட்டுகிறார். ஆடினால் விளிம்பு வளைந்திருக்கிறது, பழைய இரும்புக்கடைக்குப் போக வேண்டியதுதான். நேராக ஓடினால் துருவை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். பழைய நூலின்மேல் புது நூல் சுற்றக் கூடாது, சுற்று மேடுபள்ளமாகி, பாபினைப் போடும் கேஸுக்குள் சிக்கும். பிளேடால் கீறி எடுக்கவும் விடமாட்டார், உள்ளே கீறல் விழுந்தால் அதில் நூல் மாட்டுமாம். மிச்ச நூல் இருக்கும் பாபின்களைத் தலையணை உறைக்கும் சாக்குப்பைக்கும் அடி நூலாக ஓட்டிக் காலி செய்வதுதான் வழி, அடியில் என்ன நிறம் ஓடினாலும் யார் பார்க்கப் போகிறார்கள்.

இத்தனைக்கும் கடைசியில் அவர் எனக்கு விற்றது ஒரு டஜன் ஸ்டீல் பாபினும் இரண்டு கோனும் மட்டும். பாபினைக் கொடுக்குமுன் என் கேஸிலேயே ஒன்றைப் போட்டு நூலை இழுத்துக் காட்டினார். அந்தப் பொறுமைக்கே இன்னொரு தடவை போகலாம்.

குறை இல்லாமல் இல்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும், துணியையும் நூலையும் வாசலுக்கு எடுத்து வந்துதான் பார்க்க வேண்டும். பிரித்த கோனைத் திரும்ப எடுக்க மாட்டார். சுங்குடிச் சேலைக்கு ஃபால்ஸ் கேட்டால் நிறம் குறைவு, அதற்கு வேறு கடைதான் பார்க்க வேண்டும். சித்திரை வீதிக்குள் வண்டி விட மாட்டார்கள், வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர் வேடத்துக்குத் தைக்கிறவர்கள் கூட்டம், அப்போது டப்பாவைக் கொட்டிக் காட்ட அவருக்கு ஏது நேரம். வாரநாளில் காலையிலேயே போங்கள், உங்கள் பாபின் கேஸையும் கையோடு கொண்டு போங்கள்.